வெயில் நேரத்துச் சுவிட்ச்

கிள்ளானில் உள்ள டாக்டர் கனகலிங்கத்தின் கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது குணேஸ்வரி சாப்பாட்டுப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தாள். பேசியது அங்கே வேலை செய்யும் தாதி. மாடியில் இருந்த சோலார் சுவிட்சில் நெருப்புப் பிடித்துவிட்டது, கிளினிக் உதவியாளர் பக்கிரிசாமிக்குக் கையும் முகமும் வெந்துவிட்டன, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"எந்தச் சுவிட்ச்?"

"மாடிப்படி ஏறினதும் செவுத்துல இருக்குமே மேடம், நீங்க மாட்டினது."

குணேஸ்வரி போனை வைத்தாள். மேசைக்கு அடியில் அவள் கால் பட்ட இடத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. கிளினிக் மாடியில் இருந்திருக்க வேண்டிய சுவிட்ச் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அது வந்து சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அவள் மின்பொறியாளர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தை ராதாகிருஷ்ணனோடு சேர்ந்து நடத்திவந்தாள். அவர் ஏர்கண்டிஷன், தண்ணீர்ப் பம்பு வேலைகளைப் பார்ப்பார். சூரிய மின்சாரம் அவளுடைய பைத்தியம். ஆஸ்திரேலியாவுக்குப் போய் அதற்கென்று படித்துவிட்டு வந்தவள். முந்தைய ஆண்டு, தொண்ணூற்றாறு ஆகஸ்டில், தீபகற்பம் முழுதும் மின்சாரம் நின்றுபோன நாளில் டாக்டர் கனகலிங்கத்தின் கிளினிக்கில் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்தெல்லாம் குளிர்பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போனது. அதன் பிறகுதான் அவர் கூரையில் சோலார் பலகைகளும் கீழே பேட்டரிகளும் வைத்துத் தரும்படி அவளிடம் கேட்டார். அதைக் கேள்விப்பட்டு, பந்திங்கில் ஒரு பாலர் பள்ளியும் அதே மாதிரி வேண்டுமென்றது.

அந்தக் காலத்தில் சோலாருக்கென்று உள்ளூர் விதி எதுவும் அவள் கண்ணில் படவில்லை. பரிசோதிக்க வந்த அதிகாரி கீழ்த்தளத்து மின்பெட்டியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கூரையில் இருப்பதைப் பற்றிக் கேட்க அவரிடம் கேள்வியே கிடையாது. குணேஸ்வரிதான் வெளிநாட்டு விதிகளைப் பார்த்து வரைபடம் போட்டாள். அவற்றில் ஒரு விதியைப் பற்றிப் பொறியாளர் சங்கக் கூட்டத்தில் அவளே பேசியிருக்கிறாள். வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும். சுவிட்சை அணைக்கும்போது உள்ளே பொறி கிளம்பினாலும் அந்த இடைவெளியில் அது செத்துவிடும். சோலார் பலகையிலிருந்து வருவது டிசி. அது பூஜ்யத்தைத் தொடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரணச் சுவிட்சைப் போட்டு அணைத்தால் பொறி இழுபட்டு நெருப்பாக நீளும். கூரையில் போடும் சுவிட்ச் டிசிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். வெயில் இருக்கும்வரை பலகைகளை யாராலும் நிறுத்தமுடியாது என்பதால் அந்த ஒரு சுவிட்சை நம்பித்தான் மற்றவர்கள் கூரைமேல் ஏறுகிறார்கள். இதைச் சொன்னபோது கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

செப்டம்பரில் வேலை முடிகிற சமயம் ரிங்கிட்டின் மதிப்பு விழுந்துகொண்டிருந்தது. சப்ளையர் சாமானைத் தாமதப்படுத்தினான். டாக்டரோ சட்டமன்ற உறுப்பினரை அழைத்துத் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். குணேஸ்வரி இரண்டு கட்டடங்களுக்கும் கடையில் கிடைத்த ஏசி சுவிட்சையே வாங்கி மாட்டச் சொன்னாள். "டெம்பரரிதான் லா, வந்ததும் மாத்திடலாம்" என்று வயர்மேன் தம்புசாமியிடம் சொன்னாள். அவரும் மாட்டினார். பக்கத்து நாட்டுக் காட்டுத் தீயால் எங்கும் புகைமூட்டமாக இருந்த காலம் அது. நடுப்பகலில்கூட சூரியன் மங்கிய ஆரஞ்சு வட்டமாகத்தான் தெரிந்தது. அவள் தன் கையாலேயே சுவிட்சை அணைத்துப் பார்த்தாள். சின்னதாக ஒரு பொறி, அவ்வளவுதான். வெயில் இல்லாததால் ஓடிய மின்சாரமும் கொஞ்சம். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சின்னப் பொறியைப் பார்த்து நிம்மதியடைந்தாள்.

நவம்பர் மழை புகையைக் கழுவிவிட்டது. வானம் கண்ணாடி போல ஆனது. சரியான சுவிட்சுகளும் வந்துசேர்ந்தன. மாட்டிவிடலாம், அடுத்த வாரம் போகலாம் என்று அவள் நினைத்துக்கொண்டே இருந்தாள்.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் ராதாகிருஷ்ணன் அவளுக்கு முன்பே வந்து டாக்டர் கனகலிங்கத்தோடு நின்றிருந்தார். டாக்டர் கோபமாக இருந்தார். ஆனால் கோபம் அவர்கள்மேல் இல்லை.

"கூரையில ஒழுகுது, ஆள் வருவாங்கன்னு மட்டும்தான் சொன்னேன். இவன யாரு சுவிட்சத் தொடச் சொன்னது? ஒண்ணையும் தொடாதன்னு நூறு வாட்டி சொல்லியிருக்கேன்."

"சரியான சாமான் இன்னும் கப்பல்லயே மாட்டிக்கிட்டிருக்கு டாக்டர்" என்றார் ராதாகிருஷ்ணன். "நாங்களும் என்ன செய்றது. எல்லாத்துக்கும் இதே நெலமதான் இப்ப."

சாமான் வந்த அன்று பெட்டியை வாங்கி வைத்ததே அவர்தான். குணேஸ்வரி அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு, "அப்படியா" என்றார். அந்த இடத்தில் அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வார்டுக்குள் நுழைந்தாள்.

பக்கிரிசாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. ஒரு கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். மீசையும் புருவமும் ஒரு பக்கம் கருகிப்போயிருந்தன. அவருடைய மனைவி சீதாலெட்சுமி கால்மாட்டில் நின்றிருந்தாள். போர்ட் கிள்ளான் கிடங்கில் வேலை செய்பவள். சீருடையோடு அப்படியே ஓடிவந்திருந்தாள்.

குணேஸ்வரியைப் பார்த்ததும் பக்கிரிசாமி எழுந்திருக்க முயன்றார்.

"சாரி மேடம்" என்றார். "தப்பு பண்ணிட்டேன். ஒங்க மெசின நான் கெடுத்துட்டேன்."

"ஐயோ, எந்திரிக்காதீங்கண்ணே."

"கூர ரிப்பேருக்கு ரெண்டு பேரு வந்தாங்க. மேல கம்பி எல்லாம் ஓடுதே, பாவம், ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுமேன்னு பார்த்தேன். அங்கதான் எழுதியிருக்கே, வேலைக்கு முன்னால அணைக்கவும்னு. தமிழ்லயும் எழுதியிருக்கு. அதான் அணைச்சேன். நான் ஏதோ தப்பா திருப்பிட்டேன் போலருக்கு. டாக்டர் திட்டுறாரு."

அந்த வாசகத்தை எழுதியவள் குணேஸ்வரி. சுவிட்சுக்குப் பக்கத்தில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்பதும் விதிதான். மலாயிலும் தமிழிலும் அச்சடித்து, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துத் தானே ஒட்டினாள். அந்த ஒரு விதியை மட்டும் தவறாமல் செய்திருந்தாள்.

"நீங்க சரியாத்தான்…" என்று தொடங்கினாள். பின்னால் ராதாகிருஷ்ணன் லேசாகக் கனைத்தார். அவள் நிறுத்திக்கொண்டு, "ரெஸ்ட் எடுங்கண்ணே, அப்புறம் பேசலாம்" என்றாள்.

சீதாலெட்சுமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் ராதாகிருஷ்ணன் மெதுவாகப் பேசினார். "குணேஸ், கேளு. அவருக்கு வேலையில அடிபட்டதுக்கு சொக்சோ இன்சூரன்ஸ் பணம் வரும். நாமளும் ஏதாவது செய்யலாம். பொட்டி வந்திருச்சுன்னு சொன்னா என்ன ஆகும்? ஒன் லைசன்ஸ் போகும், ஆபிஸ மூடணும். அதனால அவரு கை திரும்பி வந்துருமா?"

அவர் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. அவள் காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். காரைக் கிளப்பும்போதுதான் பந்திங் பள்ளியின் நினைவு திடீரென்று வந்தது. அங்கேயும் அதே சுவிட்ச். அங்கேயும் அதே வாசகம், அவள் ஒட்டியதுதான். இவ்வளவு நேரம் தன் லைசன்ஸைப் பற்றிய பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்ததை எண்ணியதும் அவளுக்கு உடம்பு கூசியது. ஆஸ்பத்திரிக் கூடத்துக்குத் திரும்ப ஓடிப்போய்ப் பொதுத் தொலைபேசியில் காசைப் போட்டுப் பள்ளியை அழைத்தாள்.

போனை எடுத்தவள் ஆசிரியை சந்திரகலா.

"டீச்சர், மேல போற வழியில இருக்கிற சுவிட்ச யாரும் தொடாதீங்க. நீங்களும் தொடாதீங்க. நான் நாளைக்குக் காலையில வரேன்."

"ஏன் மேடம்? தெனமும் நான்தானே அணைக்கிறேன்."

குணேஸ்வரி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "எப்ப அணைப்பீங்க?"

"வீட்டுக்குப் போறப்பதான். வெயில் எறங்கிடும். இன்னைக்கு சாயந்திரம் அணைக்கவா, வேணாமா?"

"வேணாம். அப்படியே விட்டுடுங்க."

"சரி. காலையில வெள்ளன வந்துடுங்க. நாளையோட லீவு விடுறோம். மத்தியானமே பூட்டிடுவோம்."

*

மறுநாள் காலை அந்த அட்டைப்பெட்டியை ஏற்றிக்கொண்டு தம்புசாமியின் லோரியிலேயே பந்திங்குக்குப் போனார்கள். வழி நெடுகச் செம்பனைத் தோட்டம். பாதி வழியில் தம்புசாமி, "நான் மாட்டின சுவிட்ச் மேடம்" என்றார்.

"நான் மாட்டச் சொன்ன சுவிட்ச்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மாட்டினேன்."

அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. தன்னையே நொந்துகொள்கிற குரல். அதுவும் தன்னால் வந்ததுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அவர்கள் போய்ச்சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. துத்தநாகக் கூரை போட்ட பலகைக் கட்டடம். உள்ளே பிள்ளைகள் லீவு விடும் குஷியில் கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் திடலுக்குக் கூட்டிப்போகும்படி குணேஸ்வரி சந்திரகலாவிடம் சொன்னாள். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் போல வரிசையாகப் போனார்கள்.

வெயிலில் அந்தச் சுவிட்சை அணைக்கக் கூடாது. ஆகவே முதலில் வெயிலை நிறுத்த வேண்டும். தம்புசாமி லோரியின் சாமான் மூடும் கனத்த கேன்வாஸை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். இருவருமாகப் பலகைகள்மேல் அதை விரித்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். தகரம் முழங்காலைச் சுட்டது. ஓரங்களில் வெளிச்சம் நுழையாமல் இருக்கச் சாக்குகளைத் திணித்தார்கள். கீழே இறங்கிவந்து மீட்டரைப் பிடித்துப் பார்த்தபோது முள் ஏறக்குறைய அடியில் கிடந்தது.

"நான் அணைக்கிறேன் மேடம்" என்றார் தம்புசாமி.

"இல்ல. தள்ளி நில்லுங்க."

"கையுறை போட்டுக்குங்க. மூஞ்சத் திருப்பிக்குங்க."

கையுறையை மாட்டிக்கொண்டாள். முகத்தைத் திருப்பவில்லை. கைப்பிடியில் விரல்களை வைத்தபோது, எரிந்தால் நல்லது என்று ஒரு எண்ணம் வந்தது. தன் கையும் வெந்துவிட்டால் பக்கிரிசாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கலாம். திடலில் பிள்ளைகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒருத்தி எரிவதை அவர்களும் பார்க்க வேண்டுமா என்று நினைத்ததும் தன் எண்ணமே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பிடியை இழுத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை.

அன்று பகலிலேயே அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டுச் சரியானதை மாட்டினார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தம்புசாமி ஏணியை லோரியில் ஏற்றிவிட்டார்.

"இவ்வளவுதானா வேலை?" என்று சந்திரகலா ஆச்சரியமாகக் கேட்டாள்.

"இவ்வளவுதான் டீச்சர்" என்றாள் குணேஸ்வரி. கழற்றிய பழைய சுவிட்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சந்திரகலா புரியாமல் தம்புசாமியைப் பார்த்தாள்.

*

திரும்பும் வழியில் கிள்ளான் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடும்படி தம்புசாமியிடம் சொன்னாள். பக்கிரிசாமி விழித்துத்தான் இருந்தார். சீதாலெட்சுமி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். குணேஸ்வரி உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அந்தச் சுவிட்ச் அந்த இடத்துக்கு ஏற்றதல்ல என்பது தனக்கு முன்பே தெரியும் என்றாள். நல்ல வெயிலில் யார் அணைத்திருந்தாலும் அது எரிந்திருக்கும் என்றாள்.

"நீங்க ஒண்ணும் தப்பாத் திருப்பலண்ணே. எழுதியிருந்ததத்தான் செஞ்சீங்க. எழுதினவதான் தப்பு பண்ணிட்டா."

பக்கிரிசாமியின் ஒற்றைக் கண் அவள் முகத்திலேயே நின்றது. சீதாலெட்சுமி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சாமான் கப்பல்ல மாட்டிக்கிச்சுன்னு அந்த சார் சொன்னாரே?"

"இல்லக்கா. வந்துருச்சு. என் ஆபிஸ்லதான் இருந்துச்சு. என் மேசைக்குக் கீழ."

"கெடச்சும் மாட்டலயா?"

"மாட்டல."

"ஏன்?"

வேலை நெருக்கடி, வேறு அவசரங்கள் என்று சொல்லத்தான் அவள் தயாராகி வந்திருந்தாள். அந்தக் கேள்விக்கு முன்னால் அவை ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. "ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுட்டேன்க்கா" என்றாள்.

சீதாலெட்சுமி திட்டவில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டாள். பக்கிரிசாமிதான் பேசினார்.

"ராத்திரி பூரா தூக்கம் இல்ல மேடம். கை வலியினால இல்ல. டாக்டர் நம்பி வச்சிருந்த சாமானப் பாழாக்கிட்டோமேன்னு. நான் முட்டாப்பயன்னு நர்ஸுங்ககிட்ட சொன்னாராம். இருக்கும்னுதான் நானும் நெனச்சேன்." கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "இத அவருகிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"எல்லாரும் இருக்கிறப்ப சொல்லுங்க. என்னத் திட்டுறப்ப எல்லாரும் இருந்தாங்க."

அங்கிருந்து கிளினிக்குக்கு நடந்தே போனாள். காத்திருப்புக் கூடத்தில் நோயாளிகள் இருந்தார்கள். தாதிகள் முகப்பில் இருந்தார்கள். டாக்டரை வெளியே வரச்சொல்லி, அத்தனை பேருக்கு முன்னால் சொன்னாள். ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அதனால் சில வரிகளை அவள் இரண்டாம் முறை, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"உள்ள வந்து பேசுங்க மேடம், பிளீஸ்" என்றார் டாக்டர் கனகலிங்கம், முகம் சிவந்து.

"இல்ல டாக்டர். பக்கிரிசாமி அண்ணன் மேல தப்பு இல்ல. அத இவங்க எல்லாரும் கேக்கணும்."

டாக்டர் தன் அறைக்குள் திரும்பிப் போனார். ஆனால் அன்று மாலையே அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதாகத் தாதி பிறகு சொன்னாள்.

நடந்தவற்றை மின்சார அதிகாரிகளிடமும் குணேஸ்வரியே போய்ச் சொன்னாள். விசாரணை வைத்தார்கள். வரைபடங்களில் கையெழுத்திடும் உரிமையைச் சில காலம் நிறுத்திவைத்தார்கள். வீடு வாங்கக் கட்டியிருந்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிப் பக்கிரிசாமியின் சிகிச்சைக்குக் கொடுத்தாள். ராதாகிருஷ்ணன் சண்டை போடவில்லை. "நீ செஞ்சது தப்புன்னு சொல்லல. என்னால முடியாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பங்சாரில் தனியாக அலுவலகம் போட்டுக்கொண்டார். உரிமை திரும்பக் கிடைக்கும்வரை அவள் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மாலை வகுப்பு எடுத்தாள்.

பக்கிரிசாமியின் கண் பிழைத்தது. கையில் இரண்டு விரல்கள் மடங்க மறுத்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் போர்ட் கிள்ளான் பக்கம் தூண்டில் போடப் போவது அவர் வழக்கம். அது நின்றுபோனது. கிளினிக்கில் அவரை முகப்பில் உட்காரவைத்து நோயாளிகளுக்கு எண் கொடுக்கும் வேலை கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு நடுவில் கிளினிக்கின் சோலாரை மறுபடி ஓடவைக்க டாக்டர் வேறொரு பொறியாளரை அமர்த்தினார். பழைய வேலையை விளக்கிச் சொல்ல குணேஸ்வரியும் வர வேண்டியிருந்தது. நல்ல வெயில் நாள். புதுச் சுவிட்சை முழு வெயிலில் அணைத்துக் காட்ட வேண்டும் என்று அந்தப் பொறியாளர் சொன்னார். படிக்கட்டில் யாரோ வரும் சத்தம் கேட்டது. பக்கிரிசாமி. வந்தவர் மொட்டைமாடிக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டார்.

"நீங்க கீழ போங்கண்ணே."

"இல்ல, பாக்கணும்."

குணேஸ்வரி கைப்பிடியைத் திருப்பினாள். டக்கென்று ஒரு சத்தம். மீட்டர் இறங்கியது. பொறியாளர் எதையோ குறித்துக்கொண்டு பலகைகள் பக்கம் போனார்.

பக்கிரிசாமி கதவுக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வந்தார். சுவிட்சைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"எனக்கு ஒங்க மேல கோவம் போகல மேடம்" என்றார். "நீங்க வந்து சொன்னது பெரிசுதான். வீட்டுல கூட அதையேதான் சொல்றா. ஆனா போகல."

"போக வேணாம்ணே."

அவர் தலையசைத்தார். கீழே யாரோ எண் கேட்டுக் கூப்பிட்டார்கள். "இதோ வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, இடது கையால் சுவரைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார். குணேஸ்வரி வெயிலில் நின்று, பொறியாளர் கேட்ட அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னாள்.